பொங்கல்படி கொண்டுவந்த நிழல்

கருங்காவிளையில் அந்த வருஷம் தை பிறந்த காலையில், தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் பனையோலை எரிந்துகொண்டிருக்க, இசக்கியம்மாளின் முற்றம் மட்டும் அடுப்பும் இல்லாமல் கோலமும் இல்லாமல் வெறுமனே கிடந்தபோது, ஐப்பசியில் செத்துப்போன அவளுடைய தம்பி சுயம்புலிங்கத்தின் நிழல் கிழக்கேயிருந்து பொங்கல்படி சுமந்துகொண்டு வந்தது.

ஆள் வரவில்லை, நிழல்தான் வந்தது. முதலில் பார்த்தவள் எதிர்வீட்டுத் தங்கக்கனி. அடுப்புக்குள் ஓலையைத் தள்ளிக்கொண்டே, "இசக்கி, ஒந்தம்பி வாரான் பாரு" என்று வருஷாவருஷம் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு ஐப்பசி ஞாபகம் வந்தது, ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை, ஏனென்றால் வருவது அவன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

உப்பளத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. அங்கே சூரியன் படத்தில் இருக்கிற சாமி இல்லை, உப்புப் பாத்தியில் ஆட்களோடு கூட நின்று வேலை பார்க்கிற சாமி. கார்த்திகை மழையில் மூழ்கிய அளம் மறுபடி தலைகாட்டுவதும், தெற்கே தெற்கே என்று விலகிப் போன சூரியன் மனம் மாறி வடக்கே திரும்புவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும் என்பதால், யார் வீட்டில் எது நின்றாலும் தைப்பொங்கல் மட்டும் நிற்காது. வெள்ளையும் காவியும் பூசிய மண்கட்டிகளை முற்றத்தில் அடுப்பாகக் கூட்டி, கிழக்குப் பார்க்கப் பானை ஏற்றி, பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்து, குலவையிட்டு, முதல் அகப்பைச் சோற்றைச் சூரியனுக்குக் காட்டிய பிறகுதான் அந்த வருஷத்து வேலைக்கு அளத்தில் கால் வைப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தம்பி சாவில் தீட்டு சில நாளோடு போய்விடும், நீ பானை வைக்கலாம் என்று தெருவே இசக்கியிடம் சொல்லிப் பார்த்தது. அவள் கேட்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து படி வராத பானையில் எதைப் போட்டுப் பொங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் புருஷன் ஆதிலிங்கம் அளத்து மனுஷன், சூரியனைப் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறவர், ஆனாலும் அவளை வற்புறுத்தவில்லை.

படி என்பது அவளுக்கு அரிசியும் வெல்லமும் மட்டும் இல்லை. அம்மா செத்தபோது சுயம்பு கைக்குழந்தையாக இசக்கியின் இடுப்பில் இருந்தான். அவள் கல்யாணமாகிக் கருங்காவிளைக்கு வந்தபோது, நல்லாம்புதூரிலிருந்து பஸ் ஏறிவந்து முதல் பொங்கல்படியைக் கொடுத்தவனும் அவன்தான், அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, கொண்டுவந்த கரும்பு அவனைவிட உயரமாக இருந்தது. பிறகு அவன் உப்பு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான், சொர்ணக்கிளியைக் கட்டினான், பிள்ளை பெற்றான், எந்த மாநிலத்துக்கு லோடு ஏற்றிப் போனாலும் தைக்கு முன்னால் திரும்பிவந்து, புதுப் பானையும் பச்சரிசியும் வெல்லமும் பனங்கிழங்கும் மஞ்சள்குலையும் சேர்த்துக் கட்டி, கரும்புக் கட்டை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வருவான். சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து அந்தத் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. சுமை இல்லாதபோதும் சுமப்பவன் மாதிரியே நடப்பான்.

ஐப்பசியில் சாத்தூர் தாண்டி அவன் லாரி கவிழ்ந்து தீப்பிடித்தபோது இசக்கி திருப்பூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நான் வருகிறவரைக்கும் எடுத்துவிடாதே என்று சொர்ணக்கிளியிடம் போனில் அழுது சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அவள் நல்லாம்புதூரில் இறங்கியபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். தம்பி முகத்தைப் பார்க்காமல் சாம்பலைப் பார்த்த அன்றைக்கு, தம்பி பெண்டாட்டியின் பேரைக்கூட இனிச் சொல்லமாட்டேன் என்று அவள் மனசுக்குள் முடிவு பண்ணினாள். ஊர் ஜனம் சமாதானம் சொல்ல வந்தபோதெல்லாம், காத்திருக்க அவளுக்கு என்ன கேடு என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்படி இருந்தவள் தங்கக்கனியின் குரல் கேட்டு வெளியே வந்து நின்றாள். சூரியன் அப்போதுதான் அளத்து வரப்புக்கு மேலே ஏறியிருந்தது. ஈர ரோட்டின் மேல் நீளமாக, தலையில் ஒரு மூட்டையும் இடது தோளில் கரும்புக் கட்டுமாக ஒரு நிழல் அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கரும்புத் தோகையின் நிழல்கூடக் காற்றில் அசைந்தது. தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு வந்தது, கால் வந்தது, காலுக்கு அப்பால் நடந்துவரவேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. இடது தோள் இறங்கியிருந்தது. முற்றத்துக்குள் நுழைந்ததும் நிழல் குனிந்து சுமையை இறக்கியது. இறக்கிய கரும்பின் நிழல் தனியாகத் தரையில் கிடந்தது, இறக்கியவனின் நிழல் நிமிர்ந்து, தலை மட்டும் அடுப்பு கூட்டவேண்டிய இடத்தைத் தொட்டபடி நின்றுவிட்டது.

இசக்கி அழவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஆள் நின்றால் கால் எங்கே இருக்குமோ அங்கே வைத்தாள். பிறகு ஆதிலிங்கத்தைப் பார்த்து, "அடுப்பு கூட்டுங்க, படி வந்துருச்சு" என்றாள்.

அன்றைக்கு அந்த முற்றத்தில் பொங்கிய பானை தெருவுக்கே பொதுவான பானையாக இருந்தது. நிழல் கொண்டுவந்த அரிசி கைக்கு வராது என்பதால் தங்கக்கனி அரிசி தந்தாள், இன்னொருத்தி வெல்லம் தந்தாள், யாரோ ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து போட்டார்கள், ஆதிலிங்கம் தன் கையாலேயே ஒரு கோணல் கோலம் போட்டார். பால் கிழக்கே வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இசக்கிக்கு நாக்கு எழும்பவில்லை, வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றாள். இலை போடும்போதுதான் வாக்குவாதம் வந்தது. செத்தவனுக்குப் படைக்கிற மாதிரி படைப்பதா, விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி பரிமாறுவதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கோயில் பூசாரி வந்து, நிழலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சூரியன் தன்னுடைய நாளில் தானே கூட்டிக்கொண்டு வந்ததைத் தீட்டு என்று சொல்லத் தனக்கு வாய் வராது, படி கொண்டுவந்தவன் விருந்தாளிதான் என்று தீர்த்துவைத்தார். ஆகவே இலையை விருந்தாளிக்குப் போடுகிற பக்கமாகப் போட்டு, சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் கூட்டுக்குழம்பும் வைத்து, அவன் கையின் நிழல் விழுகிற இடத்துக்கு நகர்த்திவைத்தார்கள். சோறு குறையவில்லை. ஆனால் வெயிலில் இருந்தும் அது காயாமல் சாயந்திரம்வரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது என்று இன்றைக்கும் அந்தத் தெருவில் சொல்வார்கள்.

உச்சியில் நிழல் சுருங்கிக் காலடியில் ஒரு கருப்புத் துணி மாதிரி கிடந்தது, சாயந்திரம் எழுந்து கிழக்கே நல்லாம்புதூர்ப் பக்கமாக நீண்டது, விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா நிழலோடும் சேர்ந்து போனது, மறுநாள் மாட்டுப்பொங்கல் விடிந்ததும் அதே இடத்தில் நின்றது. அதற்குள் ஊர் பழகிவிட்டது. பால்காரர் சைக்கிளை வளைத்துக்கொண்டு போனார். கொம்பில் வர்ணம் பூசிய மாடுகளை அந்த முற்றத்தின் ஓரமாக ஓட்டிப்போனார்கள், மிதித்துவிடக்கூடாது என்று ஆதிலிங்கம் சுற்றிலும் கயிறு கட்டினார், ஆனால் ஆடுகளுக்குக் கயிறு தெரியவில்லை, வெயில் ஏறியதும் இரண்டு வெள்ளாடுகள் உள்ளே நுழைந்து அவன் நெஞ்சுக்குள் படுத்து அசைபோட்டன. அது மெய்யான நிழல்தான், உள்ளே கை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது. அளத்து வெளிச்சத்தில் கண் கெட்டுப்போன பெண்கள் வந்து அதன் ஓரமாகக் கொஞ்சநேரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பிறகு, சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர் விளைகளிலிருந்தும் வந்தார்கள். யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, பூ போடவில்லை, சும்மா நின்று பார்த்துவிட்டு, இவனுக்குத் தெரிந்த வழி எங்கள் வீட்டு ஆளுக்கு ஏன் தெரியவில்லை என்பதுபோல ரோட்டைப் பார்த்தார்கள். தங்கக்கனியின் மகன் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாதவன், இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லாதவன். அவள் யாருமில்லாத நேரம் பார்த்துக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் குந்தி, நிழலின் கைமேல் தன் கையை வைத்து, "வார வழியில எங்க ராசையாவப் பாத்தியா" என்று கேட்டாள். வெகுநேரம் காத்திருந்தாள். எழுந்தபோது இசக்கி நிற்பதைப் பார்த்து, "சொல்ல மாட்டேங்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அன்றுமுதல் அவள் தன் முற்றத்தையும் விடிய முன்னே பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

இசக்கி மட்டும் சந்தோஷப்படாமல் இருந்தாள். நிழல் வந்த அன்று அவள் மனம் நிறைந்ததென்னவோ வாஸ்தவம். ஆனால் மறுநாள் காலையில் நிழலின் தலைமாட்டில் உட்கார்ந்து குனிந்து குனிந்து பார்த்தபோது, அங்கே காது தெரிந்தது, கலைந்த முடி தெரிந்தது, நடுவில் ஒன்றுமில்லை. நிழலுக்கு முகம் இல்லை. எந்த முகத்தைப் பார்க்க அவள் திருப்பூரிலிருந்து நின்றுகொண்டே வந்தாளோ அந்த முகத்தை மட்டும் சூரியனும் கொண்டுவரவில்லை.

ஆதிலிங்கம் அவள் பக்கத்தில் வந்து நின்று, "அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லணும். கட்டுனவ அவதான" என்றார்.

"எடுக்கும்போது எனக்கு அவ சொன்னாளா?"

அவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். ஆனால் பஸ் ஓடுகிற ஊரில் ஒரு சேதியை யார் பிடித்துவைக்க முடியும். காணும் பொங்கலன்று, ஜனமெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்த மத்தியானத்தில், சொர்ணக்கிளி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்தாள். வருஷம் திரும்பாத விதவை பண்டிகை நாளில் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கமாட்டாள், அது அவளுக்கும் தெரியும், ஆகையால் ரோட்டிலேயே நின்றாள். தலையில் பூ இல்லை, கையில் ஒன்றும் இல்லை. "மதினி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள்.

இசக்கி வா என்று சொல்லவில்லை. வெயில் அவள் தலைமேல் நின்றது. கடைசியில் ஆதிலிங்கம்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, உள்ளே வாம்மா என்றார்.

அவள் வந்து நிழலின் பக்கத்தில் நின்றாள். அப்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது, அவளுடைய நிழலும் அவனுடைய நிழலும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அவள் அதைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து, இரண்டு நிழலின் தோளும் தொடுகிற மாதிரி நின்றுகொண்டாள். என் வாசலுக்கு ஏன் வரவில்லை என்று அவள் கேட்டபோது, தங்கக்கனிதான் தன் முற்றத்திலிருந்தபடியே, சாவு வீட்டில் இந்த வருஷம் அடுப்பு கூட்டக்கூடாதே தாயி, பானை ஏறக்கூடாத வாசலுக்குப் படியோடு எப்படி வருவான் என்றாள். சொர்ணக்கிளி அதற்குத் தலையை ஆட்டினாள்.

இசக்கிக்கு அவள் அப்படி ஒட்டி நின்றது பொறுக்கவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததை எடுத்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒரு முகம் காட்ட ஒனக்கு மனசு வரலியே. இன்னைக்கு நெழலுக்குப் பங்கு கேட்டு வாரியா?"

சொர்ணக்கிளி நிழலைப் பார்த்தபடியே சொன்னாள்: "காட்டுறதுக்கு முகம் இல்ல மதினி."

அவள் அழாமல் சொன்னாள், யாருக்கும் இதுவரை சொல்லாததை மெல்ல மெல்ல. ஆஸ்பத்திரியில் வெள்ளைத்துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அவிழ்க்கவேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இது அவர் இல்லை, வேறு யாரையோ தருகிறார்கள் என்று அவள் நம்பினாள், அந்த நம்பிக்கையில் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தலைப்பக்கத்து முடிச்சை அவிழ்த்தாள். இறங்கிய தோள்பட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மறுபடி கட்டிவிட்டு வெளியே வந்து, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள் என்றாள்.

"நீங்க வந்தா அவுக்கச் சொல்லுவீக. நீங்க சொன்னா ஒருத்தரும் மறுக்க மாட்டாக. அதான் நீங்க பஸ்ஸுல வரும்போதே முடிச்சிட்டேன். ஏச்ச நான் வாங்கிக்கிடுதேன், முகம் உங்களுக்காச்சும் இருக்கட்டும்னு."

இசக்கி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குக் கண்ண மூடுனா அதுதான் வருது மதினி. அதுக்கு முந்துன முகம் எதுவும் வரமாட்டேங்குது. போட்டோவப் பாத்தா போட்டோவாத்தான் தெரியுது, அவுகளாத் தெரியல. எத்தன வருசம் கூட இருந்தேன், எல்லாத்தையும் அந்த ஒண்ணு தின்னுருச்சு."

இசக்கி அவள் கையைப் பிடித்தாள். பிடித்து நிழலுக்குள் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள், ஆடுகள் நகர்ந்து இடம் விட்டன. வெளியே ஜனங்கள் கடற்கரைக்குப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தன் தம்பியின் முகத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். இடுப்பில் இருந்தபோது மூக்கு மொழுக்கென்று இருந்ததையும், பனையிலிருந்து விழுந்த அன்று அது லேசாக வலப்பக்கம் ஒடிந்துபோனதையும், அவள் பச்சிலை வைத்துக் கட்டியபோது அவன் வலியை மறைக்கப் புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்ததையும், அதுமுதல் பொய் சொல்லும்போதெல்லாம் ஒரு புருவம் மேலே போனதையும், சிரித்தால் முதலில் கண்ணும் பிறகு கன்னமும் கடைசியில்தான் உதடும் சிரித்ததையும், கீழ்ப்பல்லில் இரண்டு முன்னும் பின்னுமாக நின்றதையும் சொன்னாள். சொர்ணக்கிளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சில இடத்தில், ஆமா ஆமா என்றாள். சில இடத்தில், இருங்க மதினி என்று நிறுத்தி, அது வந்து நிற்கிறவரை காத்திருந்துவிட்டு, ம் என்றாள். ஒருமுறை அவளே, "மீசையில ஒரு முடி மட்டும் செம்பட்டையா" என்று எடுத்துக்கொடுத்தாள், இரண்டு பேரும் அங்கே கொஞ்சம் அழுதார்கள்.

நேரம் போனது தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று இசக்கி பிடிவாதம் பிடித்தாள், சோறு போட்டாள், பிள்ளைகளுக்கென்று பனங்கிழங்கு கட்டிக்கொடுத்தாள். சொர்ணக்கிளி எழுந்து முற்றத்தைத் தாண்டியபோது, நிழலும் எழுந்த மாதிரி அவளோடு நகர்ந்தது. இசக்கி பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருக்குமோ என்னவோ, அவள் கூப்பிடவில்லை. கட்டினவளுக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றாள். மேற்கே இறங்கிய சூரியன் முதுகில் அடிக்க, ஒற்றைப் பெண் ரோட்டில் நடந்தாள், அவளுக்கு முன்னால் இரண்டு நிழல்கள் நடந்தன.

மிச்சத்தைச் சொர்ணக்கிளிதான் பிறகு சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். பஸ்ஸின் நிழல் அளத்து வரப்பின்மேல் கூடவே ஓடிவந்ததாம், ஜன்னல் ஜன்னலாகத் தலைகளும் தெரிந்தனவாம், அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தும் வெளியே அவள் தலைக்குப் பக்கத்தில் ஒரு தலை இருந்ததாம். கண்டக்டர் அந்த இடத்தில் யாரையும் உட்காரவைக்கவில்லை. நல்லாம்புதூருக்கு முந்தின ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். சரக்கு ரயில் வர நேரமானது, வந்ததும் போய்முடிய நேரமானது. கேட்டைத் திறப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. பஸ்ஸின் நிழலும் மரங்களின் நிழலும் கேட்டின் நிழலும் ஒன்றோடொன்று கலந்து எல்லாம் ஒரே இருட்டாகிப்போனது. அவள் வீட்டுக்குத் தனியாகத்தான் போனாள்.

மறுநாள் விடிய முன்னே அவள் தன் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, அடுப்பு கூட்டக்கூடாத வருஷம் என்பதால் ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு நின்றாள். சூரியன் வந்தது. வேப்பமரத்தின் நிழல் விழுந்தது, அவள் நிழல் விழுந்தது. அவள் போன் பண்ணினாள்.

"இங்க வரல மதினி. அங்க திரும்பி வந்தாகளா?"

இசக்கி முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கரும்பின் நிழல்கூட அங்கே இல்லை. "இங்கயும் இல்ல" என்றாள்.

ஆதிலிங்கம் மொபெட்டை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போய், வெறுமனே திரும்பி வந்தார். அந்தப் பேச்சைக் கொஞ்சம் குறைத்திருந்தால், சாப்பாடு வேண்டாம் என்று கிளம்பியிருந்தால், வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்திருப்பான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், இசக்கியின் காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டார்கள். அவள் முற்றத்தில் வைத்திருந்த செம்பை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அந்த வாரமே அளத்தில் வேலை ஆரம்பித்தது, சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறியது, முற்றத்து ஆடுகள் நிழல் தேடி வேறு வீட்டுக்குப் போயின.

ஒருநாள் காலையில், பாத்திக்குக் கிளம்பித் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. சொர்ணக்கிளியின் குரல் தூங்காத குரலாக இருந்தது.

"நீங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க மதினி. கண்ணு அசந்து எந்திரிச்சா போயிருது."

ஆதிலிங்கம் வாசலில் நின்று அவளைப் பார்த்தார், பிறகு நேரமாகிறது என்று சொல்லாமல் தான் மட்டும் நடந்தார். இசக்கி தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெயில் விழுந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள்.

"மூக்குல இருந்து சொல்லவா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி," என்றாள் சொர்ணக்கிளி. "நெத்தில இருந்து முழுசாச் சொல்லுங்க."